கூப்பிடுகிற வேலை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ மித்ராவின் கையிலிருந்து போனை வாங்கியதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாங்கினாய் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பிடுங்கினாய். "தாத்தான்னு சொல்லு. எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று நீ போட்ட அதட்டல் இங்கே எனக்கு முழுதாகக் கேட்டது. அவள் அழுவாள் என்று காதை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. ஐந்து வயதுக் குழந்தை அதட்டு வாங்கிவிட்டு அழாமல் நின்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரணம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ வருவதற்குச் சற்று முன்னால், உங்கள் யார் காதிலும் விழக் கூடாது என்பதுபோல அடங்கின குரலில், அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியில் "சரிங்கப்பா, மீட்டிங் இருக்குதுங்க" என்பாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பாவிடம் "ஆபீசுக்கு நேரமாச்சுங்க" என்று பாதியில் எழுந்து போனவன்தான் நானும். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் அவள் சொன்னது உனக்குப் புரிய வேண்டுமானால் முதலில் உன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு யாரைக் கூப்பிடுவது, இலைக்கு எங்கே சொல்வது என்றெல்லாம் பேசிவிட்டோம். அவளைப் பற்றி மட்டும் நாம் இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா அடுத்தவர் தோப்பில் தேங்காய் போட்டுப் பிழைத்தவர். எட்டாவது வரைக்கும் படித்திருந்தாள். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடு உனக்கு நினைவிருக்கும். ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய். அந்த வீட்டுக்கு அவள் வந்த முதல் வாரம், நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து "ஏனுங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பினார், நானும் திரும்பினேன். இந்தப் பக்கத்தில் அது பொதுச் சொல். கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், கடைக்காரரையும் அப்படித்தான். ஆனால் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பெண்களுக்கு அந்தச் சொல்லே புருஷனின் பெயராகிவிடும். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க நான் முன்னால் வேகமாகப் போய்விட்டேன். பின்னாலிருந்து அவள் "ஏனுங்க" என்று ஒரு சத்தம் போட்டாள். பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "பாத்தீங்களா? நான் ஒரு சத்தம் கொடுத்தா எத்தனை பேரு திரும்பறாங்கன்னு. கடேசியாத் திரும்புனது நீங்கதான்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் என்னோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினாள். காபி ஆறுகிறது என்பதற்கு ஒரு ஏனுங்க, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்பதற்கு ஒரு ஏனுங்க. கோபத்தில் கூப்பிட்டால் சொல் சின்னதாகிவிடும். கடைசி எழுத்து காதில் விழாது. குளியலறைச் சாக்கடை வழியாகப் பாம்பு வந்தபோது கத்தவில்லை, மெதுவாக, இழுத்துக் கூப்பிட்டாள். அந்த இழுப்பிலேயே நான் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்த அன்று கூப்பிட்டது எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை. கூப்பிடுவதற்கு முன்னால் தொண்டையை லேசாகச் செருமிக்கொள்வாள். அந்தச் செருமல் இல்லாமல் அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுதான் பெரிய வேலை. நான் வேலை பார்த்த பேப்பரையே விரித்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன். "அதுல என்னத்தெ இருக்குதுன்னு அப்பிடிப் பாக்கறீங்க? நீங்க எழுதுனதுதான அது? நேத்து எழுதுனதை இன்னைக்கு எதுக்குப் படிக்கறீங்க?" என்பாள். தப்பாக எதையாவது போட்டுவிட்டார்களா என்று பார்க்கிறேன் என்பேன். "நீங்க பாத்தா மட்டும் அச்சடிச்சது அழிஞ்சுருமாக்கும்" என்பாள்.

நல்ல மனைவி, நல்ல தாய் என்று அவளை எழுதலாம். இரங்கல் செய்திகளில் எத்தனையோ பெண்களை அப்படி எழுதியிருக்கிறோம். முகம் சுளிக்காமல் செய்தார் என்று ஒரு வரியும் கூடவே வரும். உன் அம்மா முகம் சுளித்தாள் கண்ணு. என் அப்பா படுக்கையில் விழுந்து கிடந்த வருடங்களில் அந்த இரண்டு அறை வீட்டில் அவருக்குத் துடைத்தாள், ஊட்டினாள், துணி மாற்றினாள். ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். ஒரு நாள்கூட விடாமலும் செய்தாள். "உங்கப்பனுக்கு ரசத்துல உப்புக் கம்மியாம். உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொன்னது அவருக்கு மட்டும் கேக்காது" என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சமையலறையில் பேசுவாள். ஐந்து நிமிடம் கழித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுட்ட அப்பளத்தைப் பொடித்து அவர் சோற்றில் தூவுவாள், உப்பு இருக்கிறதென்று அவர் ஏமாறட்டும் என்று. கடைசியில் என் அப்பா, உன் அப்பாரு, என்னைப் பார்த்து "யாருங்க நீங்க?" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார். அவளுடைய சத்தத்துக்கு மட்டும் தலையைத் திருப்பினார். அப்போது நீ ஐந்தாவதோ ஆறாவதோ. அவர் அவளுக்குத் தலையைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, "அப்பாருக்கு அம்மா மட்டும்தான் தெரியுமாங்கப்பா?" என்று என்னிடம் கேட்டாய்.

டைகரையும் நீ மறந்திருக்க மாட்டாய். லைன் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்தான். உன் பங்கு பிஸ்கட்டில் வளர்ந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது தண்ணி லாரி ஏறிவிட்டது. நீ வருவதற்குள் நான் புதைத்துவிட்டேன். சாயங்காலம் நீ கேட்டபோது, சத்தியமங்கலத்தில் தோட்டம் வைத்திருக்கிற ஒரு சிநேகிதர் வந்தார், அவருக்குக் காவலுக்கு நாய் வேண்டுமென்றார், கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். நீ ஒப்புக்கொண்டாய். அது இன்னும் மோசமாகிவிட்டது. தோட்டத்தில் டைகருக்கு என்ன சாப்பாடு போடுவார்கள், மழை பெய்தால் எங்கே படுக்கும் என்று தினமும் கேட்டாய். நானும் தினமும் பதில் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் ஒரு கிணறு வந்தது, ஒரு வாழைத் தோப்பு வந்தது, டைகருக்கு ஒரு கூட்டாளி நாய்கூட வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நீ பள்ளிக்கூடப் பையில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, "சத்தி போற பஸ் எங்கீங்கம்மா நிக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டாய். அவள் அடுப்பை அணைத்தாள். உன்னைக் கீழே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"டைகர் செத்துப்போச்சு கண்ணு. லாரி அடிச்சுப்போட்டுது. நீ அழுவியேன்னு அப்பா மாத்திச் சொல்லிப்போட்டாரு. அழுவோணும்னா அழு, நான் இங்கயேதான் இருப்பேன்."

நீ அழுதாய். சாயங்காலம் வரைக்கும் அழுதாய். பிறகு எழுந்து வந்து என்னிடம், "அப்ப அந்தக் கெணறு?" என்று கேட்டாய். உனக்குக் கோபம் நாய் செத்ததில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீ தூங்கின பிறகு உன் அம்மா என்னிடம் வந்தாள். "ஏனுங்க, பேப்பர்ல தப்பாப் போட்டா மறுநாளு திருத்தம் போடறீங்கல்ல? புள்ளைக்குன்னா போட மாட்டீங்களாக்கும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நீயும் கவிதாவும் பெங்களூரில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மித்ராவை எங்களிடம் விட்டபோது அவளுக்கு ஏழு மாதம். நான்கு வயது வரைக்கும் அவள் இங்கேதான் வளர்ந்தாள். சமையல் மேடையில் ஒரு ஓரமாக அவளை உட்காரவைத்துவிட்டுத்தான் உன் அம்மா சமைப்பாள். அதனால் அவள் பேசக் கற்றதெல்லாம் அந்த மேடையிலிருந்து கேட்டதுதான். "தண்ணி ஊத்திப்போட்டேன்" என்பாள், "இருங்க, வாரேன்" என்பாள். என்னை முதல் நாளிலிருந்தே "ஏனுங்க" என்றாள். அதுதான் என் பெயர் என்று அவளுக்கு. கவிதா வீடியோ காலில் அதைக் கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். உன் அம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "அப்பாருன்னு சொல்லோணும் அம்மணி. ஏனுங்கன்னு நாந்தான் சொல்லோணும்" என்று திருத்தினாள். "ஏன், நீங்க மட்டும் சொல்லுவீங்களா?" என்று கேட்டது குழந்தை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். முதலில் பெரியவள், நான் எழுந்திருக்காவிட்டால் சின்னவள். சின்னவள் கூப்பிட்டுக்கொண்டே வந்து பேப்பருக்கு அடியில் தலையை நுழைத்துவிடுவாள். அந்த மூன்று வருடமும் உன் அம்மா முணுமுணுத்து நான் கேட்கவில்லை. "முட்டி வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்வாள், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். தன் காலால் நடந்து போய் ஆட்டோவில் ஏறினாள். கவிதா அன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள. இரண்டு நாளில் வீடு என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்ன நாளுக்கு முதல் நாள் அவள் போய்விட்டாள். குழந்தை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்று மித்ராவை மேட்டுப்பாளையத்தில் கவிதாவின் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். அங்கிருந்து அப்படியே பெங்களூர். அப்பத்தா எங்கே என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லப்பட்டது. முதலில் யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. நீ சொல்லியிருக்கலாம், கவிதா சொல்லியிருக்கலாம். போனில் என்னிடம் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னால் குழந்தை நம்பாமல் என்ன செய்யும்?

இனி இந்தப் பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுப்பொங்கல் மதியம் நான் முன்னறையில் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை, உன் சரசு அத்தை, தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ வெளியே போயிருந்தாய். பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு, "ஏனுங்க... சோறு ஆறிப்போகுதுங்க. பேப்பரு எங்கீங்க ஓடிப்போகுது?" நான் "வாரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. பேப்பரை மடித்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டேன். அப்போது சரசுவின் முகத்தைப் பார்த்தேன். முறம் சாய்ந்து அவரைக்காய் எல்லாம் தரையில் கிடந்தது.

"அண்ணா, யாருக்குங்க இப்ப பதில் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

சமையலறை வாசலில் மித்ரா நின்றுகொண்டிருந்தாள். கவுனின் ஓரத்தில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டிருந்தாள், முதலில் இடது, பிறகு வலது. உன் அம்மா முந்தானையில் துடைக்கிற மாதிரியே. சரசு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "இது புள்ளையோட சத்தமில்லீங்க. அண்ணிதானுங்க. ஆசை தீராமப் போனவங்க, புள்ளை மேல எறங்கீட்டாங்க. கோயலுக்குக் கூட்டீட்டுப் போயித் திருநீறு போட்டுக் கயிறு கட்டுங்க" என்றாள். தெருக்கதவைத் திறந்து நீ உள்ளே வந்ததும் அப்போதுதான். மித்ரா இன்னொரு தடவை கூப்பிட்டாள். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன் கண்ணு. சாமியாடியைப் பார்த்தே சிரிக்கிறவன் நீ. அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். இந்த மே மாத லீவுக்கு அவளை அனுப்ப முடியாது என்று போன மாதம் சொன்னபோது, ஸ்கூலில் ஏதோ கேம்ப் என்றாய். கேம்ப் இல்லை என்று கவிதா சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே.

பேய் வந்ததாகச் சொல்லும் செய்திகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. தலைப்பில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, பொதுமக்கள் பீதி என்று எழுதி அனுப்பிவிடுவோம். போய்ப் பார்த்தால் பாக்குத் தோப்பில் தகரம் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் உன் மகள்மேல் யாரும் இறங்கவில்லை என்று உறுதியாக எழுதுகிறேன். மூன்று வருடம் தினமும் கேட்டதைக் குழந்தை அப்படியே திருப்பிச் சொல்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிச் செய்திதான். மீதியையும் எழுதுகிறேன். இறங்கியிருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்பட்டேன். நீ காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு அந்த நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. சமையலறைக்கு முதுகு காட்டியே இன்றும் உட்காருகிறேன். வாஷிங் மெஷின் கடைசியில் சுற்றி நிற்கும்போது ஒரு செருமல் மாதிரி கேட்கிறது. குழாய் சொட்டி நின்றால் கேட்கிறது. திரும்பினால் இருக்காது என்று தெரியும், அதனால் திரும்புவதில்லை. ஒரு மதியம் "வாரேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கேட்டுக்கு வெளியே சிலிண்டரோடு நின்றிருந்த ஆள், "மெதுவா வாங்க சார், அவசரமில்லீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் போடுவது உன்னிடம் பேச அல்ல. உனக்குத் தெரிந்திருக்கும், சொல்லாமல் இருந்திருப்பாய். அந்தக் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது உன் மகளின் தொண்டையில் மட்டும்தான். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவள் "ஏனுங்க" என்றவுடன், அப்பாரு என்று சொல் அம்மணி என்று நான் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. "ம், சொல்லு புள்ள" என்பேன். உன் அம்மாவிடம் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பதில் வந்தால்தான் குழந்தை மேற்கொண்டு பேசும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெயில்ல போகாதீங்க என்று வரிசையாக வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அப்பா அம்மா விளையாட்டு மாதிரி ஏதோ ஒன்று என்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. நேராக, "ஏனுங்க, அப்பத்தா எப்பங்க வருவாங்க?" என்றாள். வழக்கமான பொய்யைச் சொன்னேன். பிறகு சொன்னாள்: "தெனமும் மத்தியானம் ஸ்கூல் உட்டு வந்து இங்கிருந்தே உங்களெக் கூப்புடறேனுங்க. எனக்கு ஜூன்ல இருந்து பெரிய ஸ்கூலாமா. சாயந்தரம்தான் உடுவாங்களாமா. அப்பறம் மத்தியானத்துல உங்களெ யாருங்க கூப்புடறது?"

அவளுடைய குரல் அப்போது உன் அம்மாவின் குரல் இல்லை. வெறும் ஐந்து வயதுக் குரல். பயந்துபோயிருந்தது. எதற்காக நீ கூப்பிட வேண்டும் அம்மணி என்று கேட்டேன். "அப்பத்தா சொன்னாங்கல்ல" என்றாள். அந்த நேரத்தில்தான் போன் உன் கைக்குப் போயிற்று.

அவள் சொன்னது உண்மை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆட்டோவில் ஏறும்போது உன் அம்மா குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "அம்மணி, இவரு பேப்பரை விரிச்சா எந்திரிக்கவே மாட்டாரு. யாரும் கூப்புடாட்டிச் சாப்புடாமயே உக்காந்திருப்பாரு. நான் வார வரைக்கும் நீதான் கூப்புடோணும், என்ன?" குழந்தை பெரிதாகத் தலையாட்டியது. அது எனக்குப் போட்ட குத்து. கவிதா சிரித்தாள், ஆட்டோக்காரரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பேச்சில் ஒருத்தி ஒரு வேலையை ஒப்படைக்கிறாள், இன்னொருத்தி ஏற்றுக்கொள்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வேலையைத்தான் உன் மகள் இத்தனை மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாள். யாரும் அவளுக்குள் வரவில்லை. வர வேண்டியவள் வரவில்லை, அதனால் அவளால் வேலையை விட முடியவில்லை. நீ அதட்டினபோது அழாமல் நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்ததற்குத் திட்டு விழுந்தால் யாரும் அழ மாட்டார்கள். ஏன் என்று புரியாமல் நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் "ம், சொல்லு புள்ள" என்று பதில் கொடுத்து அந்த வேலையை நீட்டித்தது நான். சரசு ஒரு பேயைப் பார்த்தாள், நீ ஒரு பேயைப் பார்த்தாய். நான் என் பெண்டாட்டியைப் பார்த்தேன். குழந்தையை யாருமே பார்க்கவில்லை.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுவேன். அதுவரைக்கும் அவளை எதையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே. தாத்தா வேண்டாம், அப்பாருவும் வேண்டாம். அவளை உட்காரவைத்து நான் சொல்கிறேன். அப்பத்தா செத்துப்போய்விட்டாள், வர மாட்டாள், இதுவரைக்கும் நாங்கள் மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று சொல்லப்போகிறேன். ஊருக்குப் போனாள், சாமியிடம் போனாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்று நடுவில் புகுந்து எதையும் மெழுகாதே. அப்புறம் மழை வந்தால் அந்த நட்சத்திரம் எங்கே போகும் என்று கேட்பாள். அவள் அழுவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, தண்ணீர் கொடு, சமாதானம் சொல்லாதே. நீயும் அழலாம். மயானத்திலிருந்து திரும்பின நாளிலிருந்து வாடகை வண்டிக்கும் பந்தலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாயே தவிர, நீ அழுது நான் பார்க்கவில்லை. கோபம் வந்தால் அவள் என்மேல் கோபப்படட்டும். கிணற்றைப் பற்றி நீ கேட்டாயே, அப்படி ஏதாவது கேட்பாள். பதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வேன்.

அதற்கப்புறம் அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குரலை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் கேட்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். குழந்தைகள் ஒன்றை விட்டால் மொத்தமாக விட்டுவிடுவார்கள். இதை எழுதும்போதுகூட, ஒரு வாரம் தள்ளிப்போடலாமே, இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாமே என்று மனம் கெஞ்சுகிறது. அதனால்தான் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவளிடம் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். நீ நன்றாகக் கூப்பிட்டாய் அம்மணி, ஒரு நாளும் விடவில்லை, இனிமேல் நீ கூப்பிட வேண்டியதில்லை, நேரமானால் அப்பாரு தானாகவே எழுந்து போய்ச் சாப்பிட்டுக்கொள்வார் என்று. அதைச் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். இன்னொரு பொய்யைச் சொல்ல முடியாது. அதனால் திங்கட்கிழமையிலிருந்து பழகுகிறேன். முதல் நாள் மூன்று மணியாகிவிட்டது, சோறு விறைத்துப்போயிருந்தது. நேற்றுப் பரவாயில்லை. இன்று ரசமும் அப்பளமும்தான், ஆனால் யாரும் கூப்பிடாமல் எழுந்தேன்.

அப்பா